இன்ஜின் கோளாறுள்ள பழைய லாரியை வாங்கலாமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பழைய லாரி பார்க்கப் போனால் அடிக்கடி காதில் விழும் வசனம்: "இன்ஜின்ல சின்ன வேலை இருக்கு, அதான் இந்த ரேட்டு." அந்தச் சின்ன வேலை நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) சர்வீஸாக இருக்கலாம், கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) போனதாகவும் இருக்கலாம். எது என்று காசு கொடுப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்கும் வரிசை இது. ஆறு சக்கர வண்டியிலிருந்து டாரஸ் (பல ஆக்சில் பெரிய லாரி) வரை பொருந்தும்.

புதிதாக வாங்க வருகிறவர்கள் நேராக கேபினைத் தூக்கி இன்ஜினைப் பார்க்கிறார்கள். அங்கேதான் வழுக்குகிறது. இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கலாம், தேவைப்பட்டால் வேறு இன்ஜினே மாற்றலாம். வளைந்த சேஸையும் (அடிச்சட்டம்) வில்லங்கமான ஆர்.சி.யையும் (பதிவுச் சான்று) அப்படிச் செய்ய முடியாது. அதனால் காசு செலவில்லாத சோதனைகள் முதலில், ஸ்பேனர் பிடிப்பது கடைசியில். எந்தப் படியில் வண்டி தோற்றாலும் அங்கேயே கிளம்பிவிடலாம்.

1. போவதற்கு முன் தயாராக வேண்டியவை

ஒரு நல்ல டார்ச், வெள்ளைத் துணி, இரண்டு சின்ன பிளாஸ்டிக் பாட்டில், கையுறை, மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ், டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டுவது). பெட்ரோல் வண்டிக்கான கேஜை எடுத்துப் போகாதீர்கள், டீசலின் அழுத்தத்தை அது தாங்காது. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-4, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 (இரண்டும் புகை மாசு விதிகள்) வண்டி என்றால் அந்த மாடலுக்கு ஒத்துவரும் ஸ்கேனரோடு ஒரு ஆளும் வேண்டும்.

மெக்கானிக் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புரோக்கர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். வாங்கியபின் இன்ஜின் வேலையை எடுக்கப்போகிற மெக்கானிக்கும் வேண்டாம், வண்டி கைமாறினால்தான் அவருக்கு வேலை. ஒருநாள் கூலி பேசி மூன்றாவது ஆளைக் கூட்டிப் போங்கள்.

விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்: "அண்ணே, காலைல நான் வந்தபிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்." போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாக இருந்தால் அன்றைக்குப் பார்க்க வேண்டாம். குளிர்ந்த இன்ஜின் மறைக்க முடியாததைச் சூடான இன்ஜின் மறைத்துவிடும்.

2. முதலில் பேப்பர்

வண்டி எண்ணை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை, வரி, பெர்மிட், ஃபைனான்ஸ் பாக்கி, பிளாக்லிஸ்ட், எல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும். இ-சலானைத் தனியாகப் பாருங்கள். வடக்கே ஓடிய வண்டிக்குப் பல மாநிலச் சலான்கள் தேங்கிக் கிடக்கும்.

ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மேல் கடன் இருப்பதன் பதிவு) இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணையில்லாச் சான்று) படிவம் 35-ம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28 என்.ஓ.சி. விற்கிறவரின் பெயரே ஆர்.சி.யில் இல்லாமல், யாரோ கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களை நீட்டினால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வயதும் முக்கியம். நேஷனல் பெர்மிட்டுக்கு இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம்தான் வரம்பு. 8 வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். 11 வருட ஆறு சக்கர வண்டிக்கு முழு இன்ஜின் வேலை பார்த்தால், ஒரு வருடம் கழித்து மாநிலத்துக்குள் மட்டும் ஓட்டி அந்தக் காசை எடுக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

பிறகு வண்டியிடம் போய் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கோளாறான வண்டியில் இன்ஜின் ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் எஃப்.சி.யில் மாட்டுவது நீங்கள்தான்.

3. சேஸும் பாடியும்

வண்டிக்கு அடியில் படுத்து சேஸின் இரண்டு பக்கத்தையும் டார்ச் அடித்துக்கொண்டே போங்கள். ஸ்பிரிங் ஹேங்கர் பக்கத்தில் வெல்டிங், சேஸ் மேல் ஒட்டுத் தகடு, புது பெயின்ட் தனியாகத் தெரியும் இடம், இவை மூன்றும் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி அங்கேதான் விரிசல் விடும்.

கிரவுன் (பின் ஆக்சிலின் பல்சக்கரத் தொகுதி), கியர் பாக்ஸ், டயர், கேபின் பற்றி நீட்டவில்லை. ஒன்று மட்டும்: இன்ஜின் ஓடாததால் கியர் பாக்ஸைச் சோதிக்க முடியவில்லை என்றால், அதுவும் கெட்டுப்போனதாகவே கணக்கில் எழுதுங்கள்.

2015 சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம், இவற்றில் நனைந்த வண்டிகள் வேறு மாவட்டங்களில் விலைக்கு வரலாம். ஃபியூஸ் பாக்ஸுக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் சேறு காய்ந்த கோடு இருக்கிறதா பாருங்கள். தண்ணீர் குடித்த இன்ஜினில் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது) லேசாக வளைந்திருக்கலாம். ஓடும், ஆனால் ரொம்ப நாள் ஓடாது.

4. ஸ்டார்ட் செய்யாமல் பார்க்க வேண்டியவை

டிப் ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் தடவுங்கள். டீசல் இன்ஜின் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அது கோளாறில்லை. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல்கோட்டைத் தாண்டி, நீர்த்து, டீசல் வாடை அடித்தால் நாசிலோ பம்போ ஆயிலுக்குள் டீசலை விடுகிறது. பளபளவென்று புது ஆயிலாக இருந்தால் சந்தேகம் கூட வேண்டும். எதையோ வடித்துவிட்டு ஊற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது, பலரும் பார்க்காமல் விடுவது. ஏர் ஃபில்டருக்குப் பிறகு டர்போவுக்கு (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) போகும் ஹோஸைக் கழற்றி உட்பக்கத்தில் துணியை விட்டுத் துடைத்து எடுங்கள். துணி சுத்தமாக வந்தால் நல்லது. செம்மண் நிறத்தில் நைஸ் தூசி ஒட்டி வந்தால், ஹோஸ் கிழிந்தோ கிளிப் தளர்ந்தோ இன்ஜின் மண்ணைத் தின்றிருக்கிறது. ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), லைனர் (பிஸ்டன் ஓடும் உறை), பிஸ்டன் எல்லாச் சிலிண்டரிலும் தேய்ந்திருக்கும். "ஒரு சிலிண்டர்தான் அண்ணே வீக்கு" என்ற பேச்சு அதோடு முடிந்தது.

ஹோஸ் கழன்றிருக்கும்போதே டர்போ ஷாஃப்டைக் கையால் ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிக லேசான அசைவு இருக்கலாம், முன்னும் பின்னும் இழுத்தால் அசையவே கூடாது. இறக்கை ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தால் டர்போ போய்விட்டது.

சாவியைத் திருப்பி டேஷ்போர்டைப் பாருங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, பல்பைக் கழற்றியிருக்கலாம். பி.எஸ்.-6 வண்டியில் புகையைச் சுத்தமாக்கும் யூரியா சிஸ்டத்தைத் துண்டித்து ஓட்டியிருக்கிறார்களா என்று ஸ்கேனர் ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதைப் பழையபடி கொண்டுவருவது சில வண்டிகளில் இன்ஜின் வேலையைவிடக் காசு தின்னும்.

5. ஸ்டார்ட் செய்து புகையைப் பார்ப்பது

சாவியைத் திருப்பும் முன் 6-ம் படியைப் படித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள். ஒருவர் சாவி, ஒருவர் சைலன்சர் பக்கம். செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கும் சத்தத்தைக் கேளுங்கள். சீராக அடிக்காமல் ஒரு இடத்தில் மட்டும் வேகமாக ஓடினால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு.

கறுப்புப் புகை: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ், நாசில், பம்ப் டைமிங். ஓரளவு சமாளிக்கக்கூடிய செலவு.

நீலப் புகை: ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு அல்லது டர்போ சீல். மூன்றில் எது என்று தெரியும்வரை ரிங் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் புகையில்தான் குழப்பம். கண்ணைக் கரித்து, இன்ஜின் சூடானதும் குறைந்தால் அது எரியாத டீசல்: கம்ப்ரஷன் குறைவு, நாசில் ஒழுகல் அல்லது டைமிங் தவறு. சூடான பிறகும் விடாமல் ஆவிபோல வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது.

ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல்) ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதே வாயில் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தாலோ, ப்ரீதர் குழாயில் புகை குபுகுபுவென்று வந்தாலோ எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அப்படியென்றால் முழு இன்ஜின் வேலை.

6. ரேடியேட்டரில் குமிழி வந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள்

குளிர்ந்த நிலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கவனியுங்கள். சூடான பிறகு திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) அல்லது ஹெட் விரிசல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

லாரியில் இன்னொரு வழியும் உண்டு. பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் கம்ப்ரஸரின் ஹெட் பல வண்டிகளில் இன்ஜின் தண்ணீரால்தான் குளிர்கிறது. அதன் கேஸ்கெட் போனால் கம்ப்ரஸர் காற்று தண்ணீருக்குள் புகுந்து அச்சு அசலாக அதே குமிழியைத் தரும். கம்ப்ரஸருக்குப் போய் வரும் தண்ணீர் லைனைத் தற்காலிகமாக அடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். குமிழி நின்றால் கோளாறு கம்ப்ரஸரில், வேலையும் அதோடு முடியும். விற்பவரே இது தெரியாமல் ஹெட் போய்விட்டது என்று நம்பி விலையைக் குறைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. நமக்கு அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான்.

அதேபோல ரேடியேட்டரில் ஆயில் மிதந்து, இன்ஜின் ஆயிலில் தண்ணீர் இல்லையென்றால் ஆயில் கூலரைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது ஆயிலின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம், அதனால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும்.

7. நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர்

டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் மெக்கானிக்கல் கேஜை மாட்டுங்கள். குளிர்ந்த இன்ஜினில் எல்லாப் பிரஷரும் நன்றாகத்தான் காட்டும். தேய்ந்த இன்ஜினுக்குக் கெட்டி ஆயிலை ஊற்றி விற்பது பழைய தந்திரம், சூடேறி ஆயில் இளகியபின்தான் அது வெளிச்சத்துக்கு வரும். அரை மணி நேரமாவது ஓடட்டும். சூடான ஐடிலில் 1 பார் அளவுக்கும், ரேஸ் கொடுத்தால் 3 பாருக்கு மேலும் நிற்பது பொதுவாக நல்ல அறிகுறி. சரியான அளவை அந்த இன்ஜினின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரஷர் குறைவாக இருந்து, கூடவே கீழே "டொக் டொக்" என்று கனத்த சத்தம் வந்தால் பேரிங்கும் கிராங்கும். விற்பவர் சம்மதித்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து மடிப்பை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத் துகள் இருந்தால் பேரிங் கரைந்திருக்கிறது. புது ஃபில்டரின் விலையை நீங்களே கொடுத்துவிடுங்கள், அந்தச் செலவில் கிடைக்கும் தகவலுக்கு ஈடு கிடையாது.

8. எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது

பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி இறுக்குவார்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை.

காமன் ரயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) வண்டியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அந்த லைனில் 1,000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும், டீசல் ஊசிபோலத் தோலுக்குள் இறங்கி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அங்கே ஸ்கேனரில் சிலிண்டரை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம், அல்லது நாசில்களின் ரிட்டர்ன் டீசலைத் தனித்தனியாகப் பிடித்து அளவை ஒப்பிடலாம். அதிகம் திருப்பி விடும் நாசில் போனது.

சிலிண்டர் தெரிந்தபின் கம்ப்ரஷன். எல்லாச் சிலிண்டரும் மேனுவல் அளவுக்குள்ளும், ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்தால் நாசில் கதை உண்மையாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் சேர்ந்து குறைந்தால் இடையில் ஹெட் கேஸ்கெட். எல்லாமே குறைந்தால் தேய்மானம்.

"நாசில் மட்டும்தான்" என்று விற்பவர் அழுத்திச் சொன்னால் ஒரு பதில் கைவசம் வைத்திருங்கள்: "சரிங்கண்ணே, நீங்களே பண்ணி வைங்க, அந்தக் காசை விலையோட சேர்த்து வாங்கிக்குங்க." உண்மையிலேயே நாசில்தான் என்றால் சம்மதிப்பார். பேச்சை மாற்றினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

9. லோடோடு ஓட்டிப் பார்ப்பது

இதுவரை தாண்டிய வண்டிக்குத்தான் இது. ஆயில் பிரஷர் இல்லாத வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள், வழியில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் பழி உங்கள் மேல். வெறும் வண்டி ஓட்டிப் பார்ப்பதில் பயன் குறைவு. பாரத்தோடு ஒரு ஏற்றம் வேண்டும். சேலம் பக்கத்து வண்டி என்றால் சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் ஏற்றம் போதும். இழுவை, சூட்டு முள், புகையின் நிறம், மூன்றையும் கவனியுங்கள். ஏற்றத்தில் மட்டும் சூடேறினால் அடைத்துப்போன ரேடியேட்டராகவும் இருக்கலாம். கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டியில் உப்பு படிந்திருக்கும்.

10. ஸ்டார்ட்டே ஆகாத வண்டி

நாசில்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியைக் கம்பி போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். நாசில் துளையில் தண்ணீர் பீய்ச்சினால் காரணம் தெரிந்துவிடும். நாசில் மாட்டியபடியே செல்ஃப் அடித்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் ராடை வளைத்துவிடும். சுற்றவே இல்லையென்றால் இன்ஜினுக்கு இரும்பு விலைதான். கண்டம் ரேட்டோடு (பழைய இரும்பாக விற்கும் விலை) பாடி, டயர், கியர் பாக்ஸின் மதிப்பைக் கூட்டி அதற்குமேல் போகாதீர்கள்.

11. கணக்கு

கேட்க வேண்டிய இடங்கள் மூன்று: லேத் பட்டறை, பம்ப்-நாசில் சர்வீஸ் கடை, ஸ்பேர் கடை. மெக்கானிக் ஒருவரே சொல்லும் மொத்தத் தொகையை எடுக்காதீர்கள், அதில் எப்போதும் லேத் செலவு குறைவாகவே இருக்கும். முன்பு இன்ஜின் வேலை நடந்திருந்தால் லேத் பில்லைக் கேளுங்கள். கிராங்கும் போரும் (சிலிண்டர் துளை) எத்தனையாவது சைஸில் இருக்கின்றன, அதாவது எத்தனை முறை அரைத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும். கடைசி சைஸ் அரைத்த கிராங்க் என்றால் இனி அரைக்க முடியாது, புது கிராங்க். டாடா கம்மின்ஸ் 5.9 லிட்டர் போன்ற இன்ஜினில் தனி லைனரே கிடையாது, பிளாக்கிலேயே போர் அடிக்க வேண்டும். லைனர் உள்ள இன்ஜினின் ரேட்டை வைத்து அதற்குக் கணக்குப் போடக் கூடாது.

கணக்கு போடும் முறைக்காக மட்டும் சில எண்கள். அதே மாடல், அதே வயது, நல்லபடி ஓடும் வண்டி 11 லட்சம் என்று வையுங்கள். முழு இன்ஜின் வேலை 2.2 லட்சம், பம்பும் டர்போவும் 60 ஆயிரம், டயர், எஃப்.சி., பேப்பர் 80 ஆயிரம், வண்டி நிற்கும் நாட்களின் வட்டியும் வாடகை இழப்பும் 40 ஆயிரம். மொத்தம் 4 லட்சம். பிரித்தபின் தெரியும் ஹெட் விரிசல், கிராங்க் போன்றவற்றுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, 80 ஆயிரம். 11-ல் 4.8 போக 6.2 லட்சம். அந்த விலைக்கு வாங்கினால் நல்ல வண்டி வாங்கிய அதே செலவுதான், அலைச்சல் இனாம். ஆகவே இன்னும் 60, 70 ஆயிரமாவது குறைந்தால்தான் கை வையுங்கள்.

நிற்கும் நாட்களின் செலவை எழுத மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கடன் வாங்கி வண்டி எடுப்பவருக்கு, இன்ஜின் லேத்தில் கிடக்கும்போதும் தவணை தேதி வந்துகொண்டேதான் இருக்கும். முதல் வண்டி எடுப்பவர், கையில் வேறு வருமானம் இல்லாதவர், இந்த வகை வண்டியே வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே இரண்டு வண்டி ஓட்டுபவருக்கு இதே வண்டி நல்ல வியாபாரம்.

12. விலை படிந்த பிறகு

அட்வான்ஸ் ரசீதில் இன்ஜின் எண், சேஸ் எண், "இந்தத் தேதிவரை சலான், வரி விற்பவர் பொறுப்பு" என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும். மீதிப் பணம் படிவங்களும் என்.ஓ.சி.யும் கைக்கு வந்தபின். பெயர் மாற்றத்துக்கு வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம், இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாள். விற்பவரின் ஃபாஸ்டேகைக் கழற்றிவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள்.

இன்ஜினைப் பட்டறையில் இறக்கும் முன் பிளாக்கில் உள்ள எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தபின் "இந்த பிளாக் தேறாது, வேற பிளாக் இருக்கு, போட்டுடலாம்" என்று சொல்வார்கள். மாற்றுவதே சரியாக இருக்கலாம். ஆனால் அந்த பிளாக்கின் பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான பேப்பரும் கைக்கு வந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற முடியும் என்று உறுதியானபின் சம்மதம் சொல்லுங்கள். அதுவரை பழைய பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட விடாதீர்கள்.